ஆலோசகருக்குப் பரீட்சை வைப்பவர்

ஆழம் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் என்றோர் இனம் உண்டு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னதைத் தலைமேல் தாங்கி, ஆழம் தெரிந்த பிறகும் காலை விடாதவர்கள். இந்த இனம் முழு அழகோடு தோகை விரிப்பதைப் பார்க்க வேண்டுமா? இணையத்தில் மனநல ஆலோசகரிடம் பேச ஏற்பாடு செய்து கொடுங்கள்.

என் அக்கா கணவரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், அதற்கும் அவருக்கு ஒரு வாரம் முன்தயாரிப்பு வேண்டும். மனிதர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். லிஃப்டில் ஏறப் பயம். சிரிக்காதீர்கள். ஒருநாள் இரண்டு மாடிகளுக்கு நடுவே ஐம்பது நிமிடம் மாட்டிக்கொண்டார், அன்றிலிருந்து மெக்கானிக்கை உள்ளே அனுப்பிவிட்டு, தான் பதினான்கு மாடியும் படியேறிப் போய், கதவு திறந்ததும் "ஆடுச்சா? சத்தம் வந்துச்சா?" என்று மூச்சிரைக்கக் கேட்டு எழுதிக்கொள்கிறார். அடுத்த மாதம் முதல் இன்ஸ்பெக்டர் தனியாகத்தான் ஏறிப் பார்க்க வேண்டும் என்று அலுவலகத்தில் உத்தரவு. ஏறாவிட்டால் வேலை போய்விடும்.

சரி, ஆலோசகரைப் பிடித்தாரா? பிடித்தார், ஐந்து பேரை. முதலில் படுக்கையறைக் கதவிடுக்கில் துண்டைச் செருகி, அக்காவை வெளியே நிறுத்தி, தான் உள்ளே இருந்து எண்களைச் சொல்லி, "எதுவரைக்கும் கேட்டுச்சு?" என்று விசாரித்து, பின்னால் தெரியும் துணிக்கொடியை அவிழ்த்து, புத்தக அலமாரியை நகர்த்தி, இணைய வேகத்தைக் காலை மாலை குறித்து, ஹெட்போன் இரண்டு வாங்கி, ஒன்று பழுதானால் இன்னொன்று என்று வைத்து உட்கார்ந்தார். பிறகு பரீட்சை ஆரம்பம்.

"உங்க பதிவு எண் சொல்லுங்க. நான் பேசுறத யாருகிட்டயாவது சொல்வீங்களா? எந்தச் சூழ்நிலையில சொல்வீங்க? நடுவுல லைன் கட்டானா நீங்க கூப்பிடுவீங்களா, நான் கூப்பிடணுமா?"

எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான், மறுப்பவர் யார்? பத்து நிமிடத்தில் முடிய வேண்டியதை அவர் ஒரு மணி நேரம் கேட்பார். கடைசியில் ஆலோசகர், "இப்ப உங்களப் பத்திச் சொல்லுங்க" என்பார்.

"எனக்கென்ன, நல்லா இருக்கேன்."

வெளியே வந்து அக்காவிடம் "நல்ல திறமைசாலி" என்று சான்றிதழ் வேறு கொடுப்பார். ஐந்து பேரும் தேறினார்கள். படியேறிப் படியேறி அவர் முழங்கால்தான் தேறவில்லை.

ஆறாவதாகப் பிடித்த ஆலோசகர் அம்மாளை அவர் கேள்விகளால் பாதி குடைந்திருந்தபோது அக்கா கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், ஹெட்போன் வயரைக் கணினியிலிருந்து பிடுங்கினாள். "மேடம், இவரு லிஃப்ட் இன்ஸ்பெக்டர். லிஃப்ட்ல ஏறப் பயப்படுறாரு. இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு."

அவர் எழுந்து கதவைச் சாத்தி, துண்டை மறுபடி செருகினார். அது வீண் போகவில்லை.

அந்த அம்மாள் கேட்டார். "தினமும் எத்தன மாடி ஏறுறீங்க சார்?"

"பதினாலு. சில நாள் ரெண்டு கட்டடம்."

"இவ்வளவு நாளா தனியாவே ஏறியிருக்கீங்களே."

அவ்வளவுதான். மனிதர் குலுங்கி அழுதார், அழுதுகொண்டே அந்த ஐம்பது நிமிடத்தையும் ஒரு நிமிடம் விடாமல் சொன்னார். அக்கா அதைச் சொல்லிக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்தாம் நாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில், கண்ணை இறுக மூடிக்கொண்டு, முதல் மாடிவரை லிஃப்டில் போனாராம். இறங்கியது படியில்தான், அது போகட்டும்.

பாவம், இப்படியும் மனிதர்கள் என்று நீங்கள் தலையாட்டுவது தெரிகிறது. ஆலோசனை தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று தேடிக்கொண்டுதானே இந்தப் பக்கம் வந்தீர்கள்? இது நீங்கள் படிக்கும் எத்தனையாவது கட்டுரை?