அண்ணனுக்கு ஊர் கொடுத்த நற்சான்று

பேரன்பும் மரியாதையும் கொண்ட சீர்காழி அறிவுச்செல்வன் மாமா அவர்களுக்கு, நீடாமங்கலம் பக்கத்திலிருந்து உங்கள் அக்கா மகள் செம்மொழி பணிவோடு எழுதுவது. இங்கே அம்மா, அண்ணன், நான், ஆடு இரண்டு, எல்லோரும் நலம். அப்படித்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேன். உண்மையில் நலமாக இருப்பது ஆடுகள் மட்டும்தான்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியவங்க குரல் கேட்டால் எனக்கு ‘ம்’ தவிர வேறு எதுவும் வராது என்று உங்களுக்குத் தெரியும். பத்தாவதோடு நின்றாலும் கையெழுத்து நன்றாக இருக்கும், அதனால் எழுதுகிறேன். நீங்கள் லாரி ஓட்டுகிற கம்பெனியிலேயே அண்ணனுக்கும் டிரைவர் வேலை வாங்கித்தர நீங்கள் எவ்வளவு அலைந்தீர்கள். அது கை நழுவியதற்குக் காரணம் இனியவன் அண்ணன் இல்லை மாமா. நான்.

முதலில் அந்த டெஸ்ட். புதிதாகச் சேருகிற டிரைவர் கஞ்சா, மாத்திரை எதுவும் எடுப்பதில்லை என்று சிறுநீர் கொடுத்துக் காட்ட வேண்டும் என்றார்களே, அதற்கு அண்ணன் கும்பகோணம் போனது. மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது என்று லேப் ஆள் ஒருத்தர் கதவோரமே நின்றாராம். ஆள் நின்றால் அண்ணனுக்கு வரவில்லை. ஆறு டம்ளர் தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து, அந்த ஆளே பொறுக்காமல் திரும்பி நின்று பாட்டுப் பாடியிருக்கிறார். அப்புறம்தான் நடந்தது. ரிப்போர்ட்டில் எல்லாம் இல்லை, இல்லை என்றே வந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டும் வைத்தாங்க.

அடுத்தது ஃபாரம். இதுவரை நடந்தது எதையும் மறைக்காமல் எழுத வேண்டும், மறைத்தது தெரிந்தால் வேலை கிடையாது என்று அதிலேயே அச்சடித்திருந்தது. அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வைக்கோல் ஏற்றிய டிராக்டரை வாய்க்காலில் கவிழ்த்தது. பைக்கில் மூன்று பேராகப் போய் அபராதம் கட்டியது. பத்தொன்பது வயதில் ஒரு திருவிழாவில் கஞ்சா ஒரே ஒரு இழுப்பு இழுத்து, இருமி வாந்தி எடுத்தது. இந்தக் கடைசி விஷயம் அம்மாவுக்குத் தெரியாது. நான்தான், இதை எழுதணுமாண்ணே என்றேன். “எழுது. கேக்குறாங்கல்ல” என்றது.

எழுதியது நிஜமா என்று பார்க்க கம்பெனியிலிருந்து ஒருத்தர் வருவார், ஊரில் முன்கூட்டியே சொல்லி வை என்று என்னிடம் சொல்லிவிட்டு, அண்ணன் அறுவடை மெஷின் ஓட்ட ஆரணிப் பக்கம் போய்விட்டது. நானும் மூன்று நாள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், மனதுக்குள்ளேயே. நாலாம் நாள் குழாயடியில் ராசம்மாள் அக்கா தனியாக இருந்தாங்க. “அக்கா, அண்ணனைப் பத்தி விசாரிக்க ஆள் வருவாங்களாம்” என்றேன். யாருடி என்று கேட்டாங்க. அதற்குள் நாலு பேர் குடத்தோடு வந்துவிட்டாங்க. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது, குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இருபத்தாறு வயசுப் பையனைப் பற்றி விசாரிக்க ஆள் வருது, சொன்ன பெண் வெட்கப்பட்டு ஓடுது என்றால் ஊரில் என்ன நினைப்பாங்க மாமா? பெண் வீட்டிலிருந்து வராங்க என்று அன்று மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

போன ஆவணியில் திருப்பனந்தாள் சம்பந்தம் முறிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டீக்கடை நல்லக்கண்ணு மாமாதான், பையன் சீசனில் வீடு தங்கமாட்டான் என்று அவங்களிடம் யதார்த்தமாகச் சொல்லித் தொலைத்தவர். அதிலிருந்து அம்மா அந்தக் கடைப் பக்கம் தலை திருப்புவதில்லை. இந்த முறை அந்தப் பழியைக் கழுவ அவர் தயாராகக் காத்திருந்தார்.

வந்தவரும் கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் நிஜம் வராதாம். சட்டைப் பையில் பேனாவோடு வந்து, இனியவன் எப்படிப்பட்ட ஆள், ஏதாவது பழக்கம் உண்டா என்றிருக்கிறார். பெண்ணின் அப்பாவும் அதைத்தானே கேட்பார்? டீயே குடிக்கமாட்டான் என்று டீ ஆற்றிக்கொண்டே சொல்லியிருக்கிறார் நல்லக்கண்ணு மாமா. ராசம்மாள் அக்கா, பிள்ளை ஆறு மணிக்கு மேல் வாசல் தாண்டாது, எட்டு மணிக்குப் படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காது என்றிருக்காங்க. டிராக்டர் கவிழ்ந்ததாமே என்றால், அது வேறு இனியவனாம். கஞ்சா என்றதும் எங்க ஊரில் அந்த வார்த்தையே கிடையாது என்றாங்களாம். வண்டி எப்படி ஓட்டுவான் என்று கடைசியாகக் கேட்டிருக்கிறார். அதற்கு நல்லக்கண்ணு மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்:

“வண்டியெல்லாம் சும்மா சார். கல்யாணம் ஆன மறுநாளே விட்டுடுவான். நான் பொறுப்பு.”

அண்ணன் ஊர் திரும்பிய அன்று மேனேஜர் போன் செய்தார். அறுவடை மெஷின் சத்தத்தில் காது மந்தமானதிலிருந்து அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசும், அம்மா பக்கத்தில் நின்றாங்க.

“எங்க இளவழகன் சார் நேர்ல போய் விசாரிச்சுட்டு வந்தாருப்பா. ஃபாரத்துல ஒரு ஆள் இருக்கான், ஊர்ல வேற ஒரு ஆள் இருக்கான். இதுல யாருக்கு நான் சாவியக் குடுக்குறது?”

அப்புறம் எல்லாவற்றையும் படித்தார். எட்டு மணிக்குத் தூங்குகிறவனை ராத்திரி தூத்துக்குடிக்கு எப்படி அனுப்புவது என்றார். கஞ்சா வரியைப் படித்தபோது அம்மா கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. வேலை இல்லை என்று போனை வைத்துவிட்டார்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை மாமா. சட்டையை மாட்டிக்கொண்டு நாலு நாள் பாக்கி அறுவடைக்குக் கிளம்பிவிட்டது. திட்டியிருந்தால் நான் சாப்பிட்டிருப்பேன். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அதுதான், பொய் சொன்னதாகப் பெயரும் அதற்குத்தான். குழாயடியில் ‘லாரிக் கம்பெனி’ என்று இன்னும் ஒரே ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வரவில்லை.

அதனால் இந்தக் கடிதத்தை மேனேஜரிடம் காட்டுங்கள். அண்ணன் ராத்திரி தூங்கவே தூங்காது. ஒரு நாளைக்கு ஏழு டீ குடிக்கும். சேர்ந்தாற்போல் இருபது நாள் வீட்டுப் பக்கம் வராது, வரலையே என்று நினைக்கவும் செய்யாது. டிராக்டரைக் கவிழ்த்தது இதே இனியவன்தான், வாய்க்காலில் இறங்கி வைக்கோலை அள்ளிக் கரையேற்றியவள் நான். கல்யாணம் ஆனாலும் ஸ்டியரிங்கை விடாது. இவ்வளவு தகுதி இருக்கிற ஆள் வேறு யார் கிடைப்பாங்க?

அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. நீங்கள் ஓட்டுகிற பாதையெல்லாம் மேடு பள்ளம் இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு, தப்பை உணர்ந்த
செம்மொழி

பி.கு.: இதை மடிக்கும்போது அந்த இளவழகன் சாரே அம்மாவுக்குப் போன் செய்தார். அவர் மகள் மதிவதனிக்கு இப்படி ஒரு பையனைத்தான் மூன்று வருஷமாகத் தேடுகிறாராம், ஜாதகம் வேண்டுமாம். ஃபாரத்தில் இருந்ததை யாரோ வேண்டாதவங்க எழுதியிருக்காங்க, எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது என்றார். அம்மா இந்தக் கடிதத்தை அடுப்பில் போடச் சொல்றாங்க. அறுவடை முடிந்து வந்த அண்ணன் வாங்கி முழுசும் படித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தது. மேனேஜரிடம் காட்ட வேண்டாமாம், அந்தப் பெண்ணிடம் கொடுக்கணுமாம். அவங்க படித்துவிட்டுச் சரி என்றால்தான் ஜாதகமே அனுப்புமாம். அவங்க வீடு உங்கள் ஆபீஸுக்குப் பின் தெருதானாம். அவங்க அப்பா இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுங்கள் மாமா.