அந்தோனியார் காலடியில் நின்ற படகுகள்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது பெரிதல்ல. வண்டிச் சில்லைக் கண்டுபிடித்ததும் பெரிதல்ல. கைபேசி உலாவி அவனிடம் "உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?" என்று பணிவோடு கேட்ட நாளில்தான் நாகரிகம் பூரணமடைந்தது. அதுவரை, பாவம், தான் எங்கே நிற்கிறான் என்றே தெரியாமல் வாழ்ந்து மடிந்தான்.

இந்த ஒளியை நெடுந்தீவுக்குக் கொண்டுசென்ற பெருமை யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் நிறுவனத்தின் கந்தோருக்கே உரியது. அதன் 'இருப்பிட விழிப்புணர்வு இணைப்பாளர்' என்ற முறையில் எனக்கும் கொஞ்சம் உரியது. தீவு மக்கள் கேட்டது, நோயாளரை அக்கரைக்குக் கொண்டுபோக ஓர் அவசரப் படகு. மக்களுக்கு எப்போதும் சின்ன ஆசைகள்தான். நாங்கள் ஓர் இணையத்தளமே கொடுத்தோம். ஆபத்தில் இருப்பவர் அதைத் திறந்து பொத்தானை அமுக்கினால் கிட்ட நிற்கும் மீன்பிடிப் படகுக்குத் தகவல் போகும். படகுகாரரின் கைபேசிகள் வரைபடத்தில் நீலப் புள்ளிகளாக மின்னும். அவசரப் படகும் 'வந்துகொண்டிருக்கிறது' என்று அறிமுகக் கூட்டத்தில் அறிவித்தேன். அதற்கென்று ஒரு சிவப்புப் புள்ளிகூட ஒதுக்கியிருந்தோம்.

குருசுமுத்து என்ற மூத்த கடற்றொழிலாளி எழும்பினார்.

"சேர், நாங்கள் கடல்லை நிக்கேக்கையும் உது காட்டுமோ?"

"ஓம், துல்லியமாய்க் காட்டும்."

"வலை போடுற இடத்தையும்?"

"அச்சொட்டாய்க் காட்டும் அண்ணை!"

"ஆருக்குக் காட்டும்?"

"எல்லாருக்கும்!"

மண்டபத்திலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பக்திபூர்வமாகப் பார்த்துக்கொண்டார்கள். மீன் படுகிற இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கே சொல்லாத மனிதர்கள் அவர்கள். ஆயினும் மறுபேச்சின்றி எல்லோரும் 'அனுமதி' அமுக்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் மேற்பார்வைக்குப் போயிருந்தேன். அன்று பார்த்து, செபஸ்தியம்மா என்ற தீவுக்காரியின் மகள் நிலக்சனாவுக்கு நாளுக்கு முந்தியே வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும் என்றார் மருத்துவர். பயணிகள் படகோ போய்விட்டது. செபஸ்தியம்மா என் கண்முன்னாலேயே பொத்தானை அமுக்கினார். வரலாற்றுத் தருணம்! நான் படம் எடுத்தேன்.

"படம் பிறகு எடும் தம்பி. படகு எங்கை?"

வரைபடத்தைப் பார்த்தேன். ஊர்ப் படகுகள் அத்தனையும் அந்தோனியார் கோயிலுக்குள் நின்றன.

"கடல் ஊருக்குள்ளை வந்திட்டுதோ?" என்றேன்.

ஓடினோம். சொரூபத்தின் காலடியில், மெழுகுதிரிகளுக்கு நடுவில், படகுகாரரின் கைபேசிகள் வரிசையாகக் கிடந்து ஒன்றாக அலறின. வலை போடும் இடம் வெளியே தெரியக்கூடாது என்று, கடலுக்குப் போகுமுன் எல்லோரும் போனை அங்கே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தரும் புனிதரிடமே ஒளித்துவைக்கக் கொடுத்திருக்கிறார்கள்!

செபஸ்தியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். நேரமல்லா நேரத்தில் அடித்த மணிக்கு, வலைகளை விட்டது விட்டபடி, நாலா பக்கத்திலிருந்தும் படகுகள் பறந்துவந்தன. யார் எங்கே வலை போடுகிறார் என்பது அந்த ஒரு மணியில் ஊருக்கே தெரிந்துபோயிற்று. ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

குருசுமுத்துவின் படகில் நிலக்சனா போனார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். எனக்கு மகிழ்ச்சியில் கால் நிலத்தில் நிற்கவில்லை. 'இருப்பிட விழிப்புணர்வால் இரு உயிர்கள் காப்பாற்றப்பட்டன' என்று அன்றே மேலிடத்துக்கு அறிவித்தேன்.

ஆஸ்பத்திரியில் பேத்தியைப் பார்த்துவிட்டு செபஸ்தியம்மா நேரே எங்கள் கந்தோருக்கு வந்தார். போனை நீட்டினார்.

"தம்பி, உந்தச் சிவப்புப் புள்ளி அண்டைக்கும் அசையேல்லை, இண்டைக்கும் அசையேல்லை. உது என்ன?"

"உங்கடை அவசரப் படகு அம்மா. வந்துகொண்டிருக்குது."

"எங்கையிருந்து?"

"தொழில்நுட்பத்திலை சின்னப் பிழை ஏதும் இருக்கலாம்..."

அவர் போனைப் பார்த்தபடியே என் மேசையைத் தாண்டி, தேத்தண்ணி போடும் குசினியைத் தாண்டி, பின்கதவைத் திறந்தார். மாமரத்தின் கீழே படகு நின்றது. புத்தம் புதிது. குறுக்கே சிவப்பு நாடா கட்டியபடி, அதை வெட்டித் திறந்துவைக்க வேண்டிய பிரமுகருக்கு நேரம் கிடைக்கும்வரை காத்திருந்தது.

வாசகர்களே, இதைவிடச் சான்று வேண்டுமா? நிலக்சனா துடித்த அந்த நேரம் முழுவதும் அவசரப் படகு எங்கே நின்றது என்பதை, உலாவி ஓர் அங்குலம்கூடப் பிசகாமல் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.