கொப்பில்லாத கண்டல் மரம்

போரைப் பற்றி நான் ஒரே ஒருமுறைதான் பொய் சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒரு கழுதையை மறைக்க.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சிலாபத்தில் ஒரு மிஸ்ஸிடம் பட்டுத் துணியில் சாயம் தீட்டப் பழகிக்கொண்டிருந்தேன். மூன்றே மாதத்தில் என்னை ஒரு பெரிய ஓவியர் என்று நினைத்துக்கொண்டேன். (வீட்டில் வேறு யாரும் அப்படி நினைக்கவில்லை.) சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கொழும்பில் மரங்களை வைத்து ஓவியமும் துணி வேலையுமாக ஒரு கண்காட்சி நடக்கப்போகிறது, அதற்குப் புதியவர்களைத் தெரிவு செய்ய ஒரு மேடம் எங்கள் கரைத்தீவுக்கே வருகிறார் என்று மிஸ் சொன்னார். தெரிவானால் அந்த மேடத்திடமே ஒரு வருடம் பழகலாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டில் கண்டல் மரத்தைக் கீறினேன். வீட்டிலிருந்து களப்புத் தண்ணீர்க் கரைக்கு நடந்தால் கண்ணில் படுவது அதுதான். தண்ணீருக்கு மேலே கால் ஊன்றிய வேர்களும் அடிமரமும் நன்றாகவே வந்தன. கொப்பும் இலையும்தான் பாக்கி. அதற்கு மிஸ் ஒரு வித்தை சொல்லித் தந்திருந்தார். ஈரச் சாயத்தின் மேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால், உப்பு சாயத்தை உறிஞ்சி இலை இலையாகக் கோலம் விழும்.

சிட்டிகை என்பது சிலாபத்துக் கணக்கு. என் அண்ணன், எங்கள் நானா, பாலாவி உப்பளத்தில் வேலை செய்தார். கேட்டதும் ஒரு சாக்கைக் கொண்டுவந்து இறக்கினார்.

“போதுமா, இன்னொண்டு கொண்டு வரவா?”

மேலே பச்சைச் சாயத்தைப் பூசி, இரண்டு கையாலும் உப்பை அள்ளிக் கொட்டினேன். பட்டை இழுத்துக் கட்டிய சட்டத்தை முற்றத்து வெயிலில் செங்கல்லின் மேல் வைத்துவிட்டு நண்பகல் லுஹர் தொழப் போனேன். தொழுதபின் பாயில் சற்றே சாய்ந்தேன். (சற்றே என்றால் பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை.)

எங்கள் பக்கத்தில் கழுதைகள் கேட்பாரற்றுத் தெருவில் திரியும். அவற்றுக்கு உப்பென்றால் உயிர் என்பதும் எல்லோருக்கும் தெரியும். வேலிக் கதவைத் திறந்து போட்டவள் நான்தான். எழும்பி வந்து பார்த்தபோது ஒரு கழுதை மிக நிதானமாக என் மரத்தை நக்கிக்கொண்டிருந்தது. ஆவியில் அவித்தால்தான் சாயம் துணியில் நிற்கும். அவிக்காத சாயத்துக்கு ஈரமான நாக்கே போதும். உப்பு விழாத வேரும் அடிமரமும் தப்பின. மேலே வெறும் கலங்கல்.

மறுநாள் காலை தெரிவு. வேறு பட்டும் இல்லை. நான் குந்தியிருந்து அழுதேன். உம்மா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உள்ளதக் கொண்டு போ மகள். நடந்ததச் சொல்லு.”

முதல் பாதியை மட்டும் கேட்டேன்.

பள்ளிக்கூட மண்டபத்தில் மேடம் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். “வேர் நல்லா இருக்கு. ஏன் கொப்பு இல்ல?”

உண்மை நாக்கு நுனியில்தான் இருந்தது. வாய் வேறு கதை சொன்னது.

“தொண்ணூறுல சண்டைக்குள்ள எங்கட ஆக்கள் மன்னார்ல இருந்து வெரட்டுப்பட்டு வெறுங்கையோட வந்தாங்க மேடம். வேர் மிச்சம், நிழல் இல்ல. அதத்தான் கீறியிருக்கன்.”

சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது. (தொண்ணூறில் நான் பிறக்கவே இல்லை.) மேடம் பேனையை எடுத்தார். என் பெயரை எழுதத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து யன்னலுக்கு வெளியே ஒரு கழுதை வந்து நின்றது. மூக்கிலிருந்து தாடை வரை இலைப் பச்சை. மேடத்தின் பேனை பாதியில் நின்றது.

“அதுக்கு என்ன நடந்த?”

என்னோடு வந்து பின்னால் இருந்த உம்மா எழும்பினார். “அதுதான் மேடம், கொப்ப நக்கினது.” பிறகு என்னைப் பார்த்தார். “நாங்க வந்தது உண்ம. கைப்புள்ளயோட வந்தன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

மண்டபமே சிரித்தது. உம்மா சிரிக்கவில்லை. கழுதைக்கு வெட்கப்பட்டதை விட அந்த முகத்துக்குத்தான் அன்று அதிகம் வெட்கப்பட்டேன்.

மேடம் பேனையை மூடினார். “அடுத்த முறை மரத்த மட்டும் கொண்டு வாங்க.”

அடுத்த முறை வர மூன்று வருடம் ஆனது. முழுக் கண்டலோடு போனேன், சேர்த்துக்கொண்டார். அதெல்லாம் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. யாராவது கொஞ்சம் நீட்டி அளந்தால், “வாயக் காட்டு, பச்சையா இருக்கா பாப்பம்” என்பார் நானா. அவருடைய பிள்ளைகளும் இப்போது அதையே சொல்கிறார்கள்.

போன வருடம் என்னுடைய கண்காட்சியில் ஒருவர் ஓவியத்தின் அர்த்தம் என்ன என்று கேட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டேன். முன்வரிசைக் கதிரையில் இருந்த உம்மா, முந்தானையால் மெதுவாகத் தன் வாயைத் துடைத்தார்.

“கண்டல் மரம்” என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.