காயில் இல்லாத ரேடியோ

கூச்ச சுபாவம் உள்ளவர்களிடம் "தைரியமாப் பேசுங்க" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. என் மனைவி சொன்னாள். நானும் பேசினேன். ஒரே ஒருமுறைதான்.

மலைக்கோட்டைக்குக் கீழே நான் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த கடையை மூடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வக உதவியாளர் வேலைக்கு ஆள் தேடினார்கள். பத்தாம் வகுப்பு போதுமாம். அதையும் விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. இஸ்திரி போட்ட சட்டையும் பையில் ஸ்க்ரூ டிரைவருமாக ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினேன். (நேர்முகத் தேர்வுக்கு அதை எடுத்துப்போன ஒரே ஆள் நான்தான்.)

துறைத் தலைவர் ஒரு பெண்மணி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றை மேசையில் வைத்தார்.

"இது எல்லா பேண்டும் எடுக்கிற ரிசீவர். எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

எங்கள் தொழிலில் பார்ப்பது என்றால் கழற்றுவது. அவர் வாயெடுப்பதற்குள் மூடி என் கையில் இருந்தது. ஒரு ரேடியோவுக்குள் பேண்டுக்கு ஒன்றாகக் கம்பி சுற்றிய காயில் இருக்க வேண்டும். ஸ்டேஷன் மாற்றத் திருகுகிற கண்டென்சர் இருக்க வேண்டும். இதிலோ கறுப்பாக இரண்டு சில்லுகள், கடுகு போலச் சில துணுக்குகள். அவ்வளவுதான்.

மனைவி சொன்ன தைரியம் வந்துவிட்டது.

"மேடம், இதுல இருந்த சாமான் பூரா யாரோ உருவிட்டாங்க."

கதவருகே நின்ற ஸ்டோர் கீப்பர் அந்தோணிக்கு முகம் வெளிறிவிட்டது. "நான் தொடக்கூட இல்லைங்க மேடம்."

"உங்களைச் சொல்லலைங்க" என்றேன் பெருந்தன்மையோடு. "சாவி யார்கிட்ட இருக்குன்னு மட்டும் விசாரிக்கட்டும்."

சாவி அந்தோணியின் இடுப்பில்தான் தொங்கியது.

அந்த அம்மா பெட்டியை லேப்டாப்பில் செருகினார். எஃப்.எம். பாடியது. ஒரு விசையைத் தட்டினார்; ஷார்ட் வேவில் யாரோ புரியாத மொழியில் செய்தி வாசித்தார்.

"பெட்டி காத்துல வர்ற அலையை எண்களா மாத்திக் கொடுக்கும். பிரிக்கிறது, வடிகட்டுறது எல்லாம் சாஃப்ட்வேர் கணக்குப் போட்டுச் செஞ்சிடும். வேற பேண்டு வேணும்னா கணக்கை மாத்தினாப் போதும்."

காயில் கணக்காகிவிட்டது. அதுவும் பத்தாம் வகுப்பில் நான் முப்பத்தைந்து வாங்கித் தப்பித்த கணக்கு. ஆனால் அன்று என்னை உறுத்தியது அதுவல்ல. 'தெரியலைங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒரு மனிதரைத் திருடராக்கியிருந்தேன். அதற்கு மட்டும் கூச்சம் குறுக்கே வரவில்லை.

வேலை கிடைக்கவில்லை. (இப்போது மிக்சி பழுதுபார்க்கிறேன். அதில் மோட்டார் இன்னும் மோட்டாராகவே இருக்கிறது.) அன்று கல்லூரி வாசலில் காத்திருந்து அந்தோணியிடம் மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

அன்று முதல் வருடா வருடம் கிறிஸ்துமஸ் கேக்கோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார். கிளம்பும்போது காலிப் பையை என் மனைவியிடம் விரித்துக் காட்டுவார்.

"பார்த்துக்க தங்கச்சி. அண்ணன் எதையும் உருவலை."

அவள் பையை உதறிப் பார்த்துவிட்டுத்தான் வழி விடுவாள்.