பெட்ரோல் டியூபுக்கு நாலாவது கிளிப்

இராயபுரம்,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள ஃப்ளோரன்ஸுக்கு,

உன் கணவன் அருள்பிரகாசம் எழுதிக்கொள்வது. நீயும் ஜூடியும் பேரனும் மாதாவின் அடைக்கலத்தில் ஓசூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். வண்டிக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் இருந்து, இப்போது தேறிவிட்டது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் போட்டால் நீ, "புள்ள தூங்குது, மெதுவா பேசுய்யா" என்கிறாய். துறைமுகப் பட்டறையில் முப்பத்திரண்டு வருடம் கத்திப் பழகியவன் மெதுவாக எப்படிப் பேசுவது? அதனால்தான் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன்னை வரச் சொல்லி இதை எழுதவில்லை. மகள் பிரசவத்துக்கு நாற்பது நாள் என்று போனாய். பிறகு தலை நிற்கட்டும் என்றாய், குப்புற விழட்டும் என்றாய், ஐந்து மாதம் ஆகிவிட்டது, இப்போது பல் முளைக்கட்டும் என்கிறாய். அடுத்து அவன் பத்தாவது பாஸாகட்டும் என்றாலும் நான் வாயைத் திறக்கப்போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். புதுவருடப் பூசைக்குப் போகும்போது வண்டியின் பெட்ரோல் டியூப் ஒழுகி உன் வெள்ளைச் சேலை பாழானதும், கோயில் வாசலில் சாமியார் காதுபட நீ என்னைப் பேசிய பேச்சும் உனக்கு மறந்திருக்காது. ஓசூருக்குக் கிளம்பிய அன்று, பெட்டியெல்லாம் ஆட்டோவில் ஏற்றிய பிறகு நீ இறங்கி வந்து, ஆணியில் தொங்கிய உன் அப்பாவின் வலை நூலை எடுத்து அந்த டியூப் முனையில் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாய். "அவுந்தா சொல்லு, வந்து கட்றேன்" என்றாய். போன செவ்வாய்க்கிழமை அந்த முடிச்சு தானாக அவிழ்ந்துவிட்டது. காசிமேட்டு மீனவர் வீட்டுப் பெண் போட்ட முடிச்சாயிற்றே என்று எனக்கே ஆச்சரியம்.

இதற்குப் போய் ஓசூரிலிருந்து ஆளை வரவழைப்பதா, ஒரு கிளாம்ப் போட்டால் தீர்ந்தது என்று புதுப்பேட்டைக்குப் போனேன். கடைக்காரர் டியூபின் அளவு கேட்டார். கப்பலுக்கு எண்ணெய் ஏற்றும் ஹோஸுக்கே கண்ணால் அளவு சொன்னவனிடம் இப்படிக் கேட்கலாமா? ரோஷத்தில் ஒன்றைக் காட்டி வாங்கிவந்தேன். பெரிசாகிவிட்டது. கடைசி மரை வரை திருகியும் பிடிக்கவில்லை, ஒரு பக்கம் ஒழுகிய பெட்ரோல் இரண்டு பக்கமும் ஒழுகியது. மறுநாள் டியூபையே கழற்றிக் கையோடு கொண்டுபோய், சரியான அளவில் திருகு கிளாம்ப் வாங்கி மாட்டினேன். எங்கள் பட்டறையில் பழக்கம் என்னவென்றால், கை வலிக்கும்வரை திருகிவிட்டு அதற்கு மேல் அரைச் சுற்று. அந்தப் பழக்கம் விடுமா? பட்டையின் பல் இடுக்கில் ரப்பர் பிதுங்கி, அறுபட்டு, காசிமேட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் வண்டி நின்றது. அத்தனை லாரியும் ஹாரன் அடிக்க மெக்கானிக் சுயம்பு கடைவரை தள்ளிக்கொண்டு போனேன். அவன் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னா நைனா, கப்பலையா கட்டி வச்ச? இத்தினிகாண்டு டியூப்பு, கய்த்த நெரிச்சிகீறியே! இத்துக்கு ஸ்பிரிங் கிளிப்பு போதும். தன்னால புட்ச்சிக்கும். நான் மாட்டிக் குடுக்கட்டா?"

எனக்கு மாட்டிக் கொடுப்பதாவது! புது டியூபும் கிளிப்பும் வாங்கிக்கொண்டு வண்டியை வீடுவரை தள்ளிவந்தேன். குறடால் கிளிப்பின் இரண்டு காதையும் அமுக்கி விரித்தேன், வழுக்கியது, பறந்தது, பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகக் கெங்கம்மா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பில் விழுந்தது. கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"அண்ணாத்தே! சங்கரா மீன்ல இரும்பு முள்ளு கீது! ஃப்ளோரன்ஸு இருந்தா நீ இப்டி பேஜாரு பண்ணுவியா? எப்பதான் வர்து அது?"

வரும்போது வரும் என்றேன். அந்தக் குழம்பிலேயே ஒரு கிண்ணம் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நீ வைக்கிற குழம்பு இல்லை. உன்னை நினைத்துக்கொண்டு பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்சீட்டில் ஆளில்லாமல் வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளுகிறது. "மெதுவா போய்யா" என்று முதுகில் குத்தவும் யாருமில்லை.

நாலாவது கிளிப்பை, வெட்கத்தை விட்டு, சுயம்பு கடைக்கே திரும்பப் போய் வாங்கி, அவன் சொன்னபடியே மாட்டினேன். டியூபைக் குழாயில் முழுக்க ஏற்றி, குழாயின் மேடு தாண்டி உட்காரவைக்க வேண்டும், முனையில் அல்ல. அவ்வளவுதான் சூட்சுமம். இரண்டு நாளாக வண்டிக்கு அடியில் பேப்பர் விரித்து வைத்திருக்கிறேன், ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆகவே நீ வரவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. எல்லாப் பல்லும் முளைத்த பிறகே வா.

ஜூடிக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர். பேரன் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு, அவன் தூக்கம் கலையாமல்.

இப்படிக்கு,
அருள்பிரகாசம்

பி.கு.: முடிச்சு தானாக அவிழவில்லை. ஐந்து மாதமாகத் தினமும் காலையில் குனிந்து பார்த்தேன், அவிழ்கிற வழியாக இல்லை. செவ்வாய்க்கிழமை சவரம் பண்ணுகிற பிளேடால் நான்தான் அறுத்தேன். அறுத்துவிட்டு உனக்குப் போன் போட்டேன், புள்ள தூங்குது என்றாய், பொய் சொல்ல நா எழவில்லை. அந்த வெட்கத்தில்தான் கிளாம்ப் வாங்க ஓடினேன். இப்போது உறையை ஒட்டுவதற்கு முன் சுயம்புவின் கிளிப்பையும் கழற்றிவிட்டேன். பெட்ரோல் டேப்பை மூடித்தான் வைத்திருக்கிறேன், பயப்படாதே. திறந்தால் ஒழுகும். வலை நூல் அதே ஆணியில் தொங்குகிறது. அவிழ்ந்தால் சொல்லச் சொன்னாய், சொல்லிவிட்டேன். வந்து கட்டு.