சந்தா கட்டாத காவல்காரர்

சந்தா எதிரி என்றொரு பிராணி உண்டு, வாசகர்களே. மொத்தமாக எவ்வளவு கேட்டாலும் முகம் சுளிக்காமல் எடுத்து வைக்கும். 'மாசா மாசம்' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், ரத்தக்கொதிப்பு தலைக்கு ஏறிவிடும். விஸ்கான்சினில் எங்கள் தெருவில் வசிக்கும் வெண்டெல் கிராஸ் அந்த இனத்தின் அசல் வாரிசு.

அவர் மனைவி லோரேன் பூசணி வளர்ப்பவள். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய பூசணி! அறுவடைத் திருவிழாவின் எடைப் போட்டிக்குப் போகும்வரை அதை வாசற்படியில் வைத்து ஊருக்குக் காட்டுவது வழக்கம். போன வருஷம் யாரோ அதை அங்கிருந்தே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். லோரேன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"இந்த வருஷம் காயை வெளிய வைக்கறதுக்கு முன்னாடி ஒரு கேமரா மாட்டிடு வெண்டெல். உன்கிட்ட வேற ஒண்ணும் கேக்கல" என்றாள்.

மனிதப் பிறவி என்றால் கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கும். வெண்டெலோ பனி உருகும்போது ஆராய்ச்சியைத் தொடங்கினார். திட்டி எழுதிய விமர்சனங்களாகத் தேடிப் படித்தார், எந்த ஊரிலோ மழையில் கேமராவைப் பறிகொடுத்த முகம் தெரியாத ஒருவருக்காக மனம் கசிந்தார், கடைச் சிப்பந்தியை மூலையில் மடக்கி, "படம் கேமராக்குள்ளயே இருக்குமா, இல்ல வெளியூர்ல போய் உக்காந்துக்கிட்டு என்கிட்டயே வாடகை கேக்குமா?" என்று குடைந்தார்; வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் பக்கத்து மேஜைக்காரரிடம் மெமரி கார்டின் மகிமையை, அவருடைய மீன் ஆறி விறைக்கும்வரை எடுத்துரைத்தார்.

எதிர்வீட்டு டெல்மர் தன் வாசல் கேமராவுக்கு மாசா மாசம் சந்தா கட்டுகிறவர். விடுவாரா வெண்டெல்?

"ஏண்டா டெல்மர், உன் வாசலை நீ பாக்கறதுக்கு எவனுக்கோ கப்பம் கட்டறியே, வெக்கமா இல்ல?"

"என் கேமரா பாத்துக்கிட்டிருக்கு. நீ இன்னும் படிச்சிக்கிட்டிருக்க."

ஒருவழியாகக் கேமரா வந்தது. கூடவே கார்டு, சூரியத் தகடு, துளை போடும் கருவி, உயரமான ஏணி. டெல்மரின் சந்தாவைவிட அதிகமாகிவிட்டதே என்று கேட்காதீர்கள். அது வேறு கணக்கு. ஒரே தடவை!

மாட்டியதும் சும்மா இருக்க முடியுமா? அசைவு தெரிகிறதா என்று சோதிக்க வேண்டாமா? கையை ஆட்டினார். வாத்து நடை நடந்தார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு திருடனாகப் பதுங்கினார். ஒவ்வொரு தடவையும் போன் கூவியது.

"வாசல்ல யாரோ இருக்காங்க லோரேன்!"

"நீதான் இருக்க. உள்ள வா, சூப் ஆறுது."

திருவிழாவுக்கு முந்தைய நாள் மதியம். இந்த வருஷத்துப் பூசணி வாசற்படியில் வீற்றிருந்தது. கேமராவின் கண்ணாடியில் ஒரு சிலந்தி! வெண்டெல் ஏணியில் தாவி ஏறினார். காதில் மாட்டிய இயர்போனில் கேமரா பராமரிப்பைப் பற்றி யாரோ உரையாற்ற, நாக்கைக் கடித்துக்கொண்டு சட்டை நுனியால் துடைத்தார், ஊதினார், மறுபடி துடைத்தார். இறங்கிப் பார்த்தால் வாசற்படி காலி.

போலீஸ்காரர் வந்தார். தெருவே கூடியது. படம் ஓடியது. திரை முழுக்க வெண்டெலின் முகம். மூக்கு முடியைக்கூட எண்ணலாம். அவருடைய இடது காதுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று மெதுவாக நகர்ந்து போயிற்று.

"ரொம்பத் தெளிவா இருக்கும்மா" என்றார் போலீஸ்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த மூஞ்சிய வெச்சே பிடிச்சிடலாம். யாருன்னு தெரியுமா?"

லோரேனுக்குக் கோபமும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. கடைசியில் சிரிப்புதான் முந்தியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியாம என்ன? திருடனோட கூட்டாளி. மாசச் சம்பளம்கூட வாங்காம வேலை பாக்கறவன்."

வெண்டெல் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்.

"படம் எவ்வளவு துல்லியம் பாத்தியா டெல்மர்? காலணா சந்தா கிடையாது!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் 'சந்தா இல்லாம நல்லதா ஒரு கேமரா' என்று தேடிக்கொண்டே இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்தானே நீங்கள்? இல்லையா? சரி, நம்புகிறேன். எதற்கும் ஒரு நடை எழுந்து போய், வாசலில் வைத்தது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.