இன்னும் செட் ஆகவில்லை

வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று உலகத்தில் இரண்டே வகை என்று நினைத்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு மனிதர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. வாங்கிய வண்டியை ஓட்டாமல் ‘செட் பண்ணிக்கொண்டே’ இருக்கிறவர்கள். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்; வடக்குத்து ரோட்டோரம் பஞ்சர் ஒட்டி ஆரம்பித்து, இன்றைக்குச் சொந்தமாக மூன்று லாரி ஓட விடுகிறவன். வண்டி நிற்கிற அழகைப் பார்த்தே வண்டிக்காரன் யோக்கியதையைச் சொல்லிவிடுவேன். ஆகவே நம்பிக் கேளுங்கள்.

இந்த இனத்தின் அசல் மாதிரி வேண்டுமென்றால் நெய்வேலி டவுன்ஷிப்பில் சங்கரலிங்கத்தைப் பாருங்கள். வயது ஐம்பத்திரண்டு. கோவில்பட்டிப் பக்கத்து ஆள். மைன்ஸில் வேலை, பெர்மனன்ட். கரி அள்ளிக்கொண்டு போகும் கன்வேயர் பெல்ட்டுக்கு அவர்தான் ஃபோர்மேன். அந்த பெல்ட்டின் ஓரமாகவே நெடுக ஒரு கயிறு போகும். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். இழுத்ததைச் சரிசெய்கிற வரையில் எமனே வந்து தள்ளினாலும் ஓடாது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இது தெரியாமல் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு முழித்ததையும், தான் போய்க் கயிற்றை மட்டும் பார்த்து இரண்டே நிமிடத்தில் பெல்ட்டை ஓடவிட்டதையும் சங்கரலிங்கம் கல்யாண வீட்டில் சொல்வார், காதுகுத்தில் சொல்வார், துக்க வீட்டில்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார். “பெல்ட் நின்னா மொதல்ல கயித்தப் பாரு!” அவர் மனைவி சந்திராவுக்கு இந்தக் கதை மனப்பாடம்.

அப்பேர்ப்பட்டவர் சித்திரை பிறந்ததும் ஒரு பைக் வாங்கினார். பழையதுதான், ஆனால் சாதாரணப் பழையதா? பாதி ரேஸ் வண்டி, பாதி ஊர் சுற்றும் வண்டி. ‘ஸ்போர்ட் டூரிங்’ என்று பெயர். முன்னால் காற்றைத் தடுக்கக் கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி, நடுவில் எருமை முதுகு மாதிரி டேங்க். ஒரே நாளில் நானூறு கிலோமீட்டர் போனாலும் இடுப்பு வலிக்காதாம். விற்றவர் அதே டவுன்ஷிப்பில் நாலு பிளாக் தள்ளிக் குடியிருந்த ஆபீசர். அந்த நாலு பிளாக் தூரத்தை வண்டி எப்படிக் கடந்தது தெரியுமா? மினி லாரியில் ஏறி, நாலு பக்கமும் கயிறு கட்டி, ஊர்வலம் போகிற மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டு வந்தது.

பெல்ட் செக்ஷனில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் சாமிக்கண்ணு, ஷிஃப்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தினான்.

“இன்னா சார், பொடி நடையா வர்ற தூரம். ஓட்டிக்கினு வந்திருக்கலாமே?”

“செட் ஆகாத வண்டிய ரோட்ல எறக்கக் கூடாது சாமிக்கண்ணு.”

“பழைய வண்டிங்களா?”

“பழசுன்னு சொல்லாத. இது ஜெனரல் ஷிஃப்ட் வண்டி. காலைல ஆபீஸ், சாயங்காலம் வீடு. மைன்ஸ் தூசியவே பாத்ததில்ல.”

அன்றிலிருந்து ஆரம்பித்தது செட் பண்ணுகிற வைபவம். முதல் வாரம் பூசை: டயருக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்குச் சந்தனம், திருஷ்டிக்கு மிளகாய். இரண்டாம் வாரம் அலங்காரம்: செல்போன் மாட்ட ஒரு கொக்கி, அந்தக் கொக்கி ஆடாமல் இருக்க இன்னொரு கொக்கி, வெயில் படாமல் இருக்க உறை, உறை பறக்காமல் இருக்கக் கயிறு. வண்டியோடு வந்த விளக்கப் புத்தகத்துக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினார். படித்தாரா? படித்தால் அட்டை கசங்கிவிடாதா?

குவார்ட்டர்ஸ் முற்றத்தில் வண்டிக்கு நிழல் தருவது ஒரே ஒரு பலாமரம். மரம் நிறையக் காய். ஒரு காய் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்த சங்கரலிங்கம், ஏணி வைத்து ஏறி, எல்லாவற்றையும் பிஞ்சிலேயே அறுத்துப் போட்டார். பதினோரு நாள் அந்த வீட்டில் பலாப்பிஞ்சுக் கறி. பால் ஊற்ற வரும் கலியம்மாளுக்கும் ஒரு பை நிறைய. அவளோ பக்கப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, “இன்னாங்க சார், ரிட்டையர் ஆறதுக்குள்ளயே ஓட்டல் சோறு வீடுவீடாக் கொண்டுபோற வேலைல சேந்துட்டீங்களா?” என்று கேட்டுவிட்டாள். அன்று முழுக்க அவர் காபி குடிக்கவில்லை.

தினம் சாயங்காலம் ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு, நிற்கிற வண்டியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். உடம்புக்கும் வண்டிக்கும் பழக்கமாக வேண்டுமாம். உண்மை வேறு. அவர் உயரத்துக்கு அந்த வண்டியில் உட்கார்ந்தால் கட்டை விரல் மட்டுந்தான் தரையைத் தொடும். மைன்ஸில் கொடுத்த கனமான சேஃப்டி ஷூவைப் போட்டால் பாதிக் கால் தொடும். அதனால் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். சைட் ஸ்டாண்டைத் தூக்க மட்டும் மனம் வராது. தூக்கினால் வண்டி சாய்ந்துவிட்டால்?

இதிலெல்லாம் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்களா? சந்திராவுக்குத்தான். வைகாசி பிறந்ததும் கோவில்பட்டியில் அவள் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். போன தடவை போனபோது, தம்பி பொண்டாட்டி அத்தனை பேர் முன்னால், “இந்தத் தடவையும் பஸ்ஸுலதான் வந்தியளா மதினி?” என்று கேட்டுச் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பு சந்திராவின் நெஞ்சில் முள்ளாக நின்றது. “வண்டியிலயே போயிருவோம், ரயில் டிக்கெட்டக் கேன்சல் பண்ணு” என்று சங்கரலிங்கம் சொன்னதும், நம்பிக் கேன்சல் பண்ணினாள். பெட்டி இருப்பதால் ஒருக்களித்து உட்கார முடியாது என்று தெரிந்து, வாழ்க்கையில் முதல்முறையாகச் சுடிதார் தைத்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டு, “நாங்க வண்டியிலதான் வாரோம்” என்று சொல்லியும் வைத்தாள்.

கிளம்ப ஐந்து நாள் இருக்கையில் சங்கரலிங்கம் கடைசியில் சாவியைப் போட்டார். உர்ரென்று கிளம்பிய வண்டி, கியரைப் போட்டதும் பொசுக்கென்று அணைந்தது. மறுபடி கிளப்பினார். கியர். பொசுக்.

“ஈசியூ,” என்றார், அது வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் என்பதுகூடத் தெரியாமலே.

“பெட்ரோல்ல தண்ணி கலந்துகினு இருக்கும் சார்,” என்றான் சாமிக்கண்ணு.

பெட்ரோலை வடித்தார்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினார்கள். பிளக்கைத் துடைத்தார்கள். பெல்ட் செக்ஷனில் பாதிப் பேர் ஷிஃப்ட் முடிந்து நேராக இங்கே வந்து, ஆளுக்கொரு கருத்தைச் சொல்லி, ஆளுக்கொரு டம்ளர் டீ குடித்துவிட்டுப் போனார்கள். டயருக்கு இரண்டாவது தடவையும் எலுமிச்சம்பழம் வந்தது. வண்டி நியூட்ரலில் சிங்கம் மாதிரி உறுமியது. கியர் விழுந்தால் செத்தது. என்னிடம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். கேட்டால்தானே? ஐந்தாம் வகுப்புக்காரனிடம் ஃபோர்மேன் எப்படிக் கேட்பார்!

கிளம்ப வேண்டிய நாள் விடிந்தது. பட்டுப் புடவையும் சீர்வரிசையும் பெட்டிக்குள் போயாகிவிட்டன. சுடிதாரும் ஹெல்மெட்டுமாகச் சந்திரா முற்றத்தில் நின்றாள். சங்கரலிங்கம் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் திருப்பி, கையுறையை இழுத்துவிட்டு, குலதெய்வத்தை நினைத்துக் கியரைப் போட்டார். பொசுக். இன்னொரு தடவை. பொசுக். இன்னொன்று. பொசுக். எல்லாம் பால் கேனோடு கலியம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது.

“இன்னும் செட் ஆகல சந்திரா,” என்றார் தலையைத் திருப்பாமல். “இப்பக் கிளம்பினா விருத்தாசலத்துல பஸ்ஸப் புடிச்சிரலாம்.”

சந்திரா ஹெல்மெட்டைக் கழற்றினாள். கத்துவாள் என்று கலியம்மாள் எதிர்பார்த்தாள். சந்திரா நிதானமாகக் கேட்டாள்.

“ஏங்க, பெல்ட் நின்னா மொதல்ல எதப் பாப்பீய?”

“என்ன கேள்வி இது? கயித்த.”

“மோட்டாரக் கழட்டுத ஆள என்னன்னு சொல்லுவிய?”

“கூமுட்டம்பேன்.”

“அப்ப இந்த வண்டிக்குக் கயிறு எது?”

அவர் டேங்கைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். சந்திராவே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். இடது பக்கம் வந்து நின்றாள். “அஞ்சு நாளா எல்லாத்தையும் கழட்டி மாட்டுனிய. வந்த நாள்லேருந்து நீங்க தொடாதது இது ஒண்ணுதான்,” என்று சைட் ஸ்டாண்டைக் காட்டினாள். “வண்டிய நேராப் புடிங்க. நான் இருக்கேன்.”

ஒரு கையால் பின் சீட்டைப் பிடித்துக்கொண்டு, காலால் ஸ்டாண்டை ஒரு தட்டுத் தட்டினாள். அது டக்கென்று மேலே ஏறியது. சங்கரலிங்கம் கிளப்பினார். கியரைப் போட்டார்.

பொசுக் வரவில்லை.

“அடியாத்தே! கழுத்தப் புடிச்சிக்கினு இருந்தவங்க கைய எடுத்த மாரி இல்ல கத்துது!” என்றாள் கலியம்மாள்.

சாயங்காலம் கோவில்பட்டியில் தம்பி வீட்டுத் தெருவே திரும்பிப் பார்க்க வண்டி போய் நின்றது. தம்பி பொண்டாட்டி பஸ் பேச்சையே எடுக்கவில்லை. சந்திரா ஹெல்மெட்டைக் கழற்றினாள். தலைமுடியை மட்டும் மெதுவாகச் சரிசெய்துகொண்டாள். சங்கரலிங்கமோ வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்: “இந்த மாதிரி வண்டில பாருங்க மாப்ள, ஸ்டாண்டு எறங்கி இருந்தா கியர் எடுக்காது. நம்ம பெல்ட் கயிறு மாதிரியேதான். பெரிய பெரிய மெக்கானிக்குக்கே தெரியாது. நான்தான் பொறுமையா செட் பண்ணிக் கண்டுபுடிச்சேன்.” சந்திரா உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பேச்சு இன்னும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

நன்றாகச் சிரித்துவிட்டீர்களா? சந்தோஷம். இனி உங்கள் வீட்டுக்குள் வருவோம். துணி போட்டு மூடிய சாமான் ஒன்று மூலையில் இருக்கிறதே, தையல் மிஷினோ, நடக்கிற மிஷினோ, மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரோ, அதைப் பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்லுகிறீர்கள்? எனக்குச் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லாமல் அவர்கள் உங்கள் இடது காலடியையே பார்த்தால், கொஞ்சம் குனிந்து நீங்களும் பார்த்துவிடுங்கள்.